சர்வீஸ்ல இருந்து திரும்பி வந்த இ-ரீடர்: நாலு வருஷமா இதுல இங்கிலீஷ் படிச்ச அனுபவம்

சார்ஜிங் போர்ட் போய் சர்வீஸுக்கு குடுத்திருந்த இ-ரீடர், அதாவது புக் படிக்கறதுக்குன்னே இருக்கற மெஷின், 18 நாள் கழிச்சு முந்தாநாள்தான் கைக்கு வந்துச்சு. சொல்லி வச்ச மாதிரி அன்னிக்கே ஒரு ஃப்ரெண்ட் மெசேஜ் பண்ணிருந்தான், "விலை குறைஞ்சிருக்குடா, இங்கிலீஷ் இம்ப்ரூவ் பண்ண யூஸ் ஆகுமா, வாங்கலாமா"ன்னு. ஒரு வரில பதில் போட்டுடலாம்னு உக்காந்தேன், முடியல. ஸ்க்ரீன் எத்தனை இன்ச், பேட்டரி எத்தனை வாரம் நிக்கும், கண்ணு வலிக்குமா இதெல்லாம் எங்க தேடினாலும் கிடைக்கும், அத விட்டுடறேன். இங்கிலீஷ் தாய்மொழியா இல்லாத ஒரு ஆள் வார்த்தை சேக்கறதுக்கும், படிச்சா புரியறதுக்கும் இத நாலு வருஷம் தினம் யூஸ் பண்ணா என்ன ஆகுதுங்கறத மட்டும் சொல்றேன்.

நல்லத மொதல்லயே சொல்லிடறேன், பின்னாடி கோவத்துல விட்டுப்போயிடும். இது வர்றதுக்கு முன்னாடி நான் ஒரு இங்கிலீஷ் நாவல கூட முழுசா முடிச்சதில்ல. மடியில தடியா ஒரு டிக்ஷனரி, கையில புக், ஒவ்வொரு வார்த்தைக்கும் பக்கம் புரட்டி தேடிட்டு திரும்பி வர்றதுக்குள்ள கதைல யாரு யார்கிட்ட என்ன கேட்டாங்கங்கறதே மறந்துபோயிருக்கும், பத்து பதினஞ்சு பக்கத்துல மூடி வச்சுடுவேன். இதுல வார்த்தை மேல விரல வச்சா அங்கயே அர்த்தம் வந்துடுது, கண்ணு வரிய விட்டு நகரவே வேண்டாம். நாலு வருஷத்துல 63 புக் முடிச்சிருக்கேன். அந்த 63ம் இது இல்லன்னா நடந்திருக்காது, இத யார் கேட்டாலும் சொல்லுவேன்.

இது ஏன் அவ்ளோ பெரிய விஷயம்னு ஒரு கணக்கு இருக்கு. வார்த்தை கத்துக்கறத பத்தியே வாழ்நாள் முழுக்க ஆராய்ச்சி பண்ண பால் நேஷன் 2006ல ஒரு கணக்கு போட்டார், நாவல் நியூஸ்பேப்பர் மாதிரி விஷயங்கள்ல 98 சதவீத வார்த்தை தெரிஞ்சிருக்கணும்னா கிட்டத்தட்ட 8000ல இருந்து 9000 வார்த்தைக் குடும்பம் வேணும்னு. குடும்பம்னா ஹெல்ப், ஹெல்ப்ஃபுல், ஹெல்ப்லெஸ் எல்லாம் சேந்து ஒண்ணு. 98 சதவீதம்னு கேக்க ரொம்ப அதிகமா தெரியும், ஆனா 300 வார்த்தை இருக்கற பக்கத்துல அப்பவும் 6 வார்த்தை தெரியாது. 95 சதவீதம்னா பக்கத்துக்கு 15. நான் மொத புக் படிச்சப்ப பக்கத்துக்கு 20 தடவைக்கு மேல தொட்டிருக்கேன். அந்த நிலைமைல இருக்கறவன தடி டிக்ஷனரியோட உக்கார வச்சா ஓடித்தான் போவான். விரல் வச்சா அர்த்தம் வர்றதுதான் என்னை உக்கார வச்சுது.

சரி, இப்ப என் ஆத்திரத்துக்கு வர்றேன். இது வார்த்தைக்கு அர்த்தம் சொல்லுது, வாக்கியத்துக்கு சொல்ல மாட்டேங்குது. நாலு வருஷமா அதே தொல்லை, அதே இடத்துல.

ரெண்டாவதோ மூணாவதோ படிச்ச நாவல்ல ஒரு டாக்டர் ரூமுக்குள்ள இருந்து வெளிய வர்றார், அவர் முகம் கிரேவா இருந்துச்சுன்னு வரி. கிரேவ் மேல விரல வச்சேன். பிணத்த புதைக்க தோண்டற குழின்னு வந்துச்சு. சரி, முகத்துல சாவுக்களை, டாக்டருக்கே ஏதோ பெரிய வியாதின்னு நான் எடுத்துக்கிட்டேன். ரெண்டு அத்தியாயம் அந்த டாக்டர் சாவாருன்னு காத்துக்கிட்டே படிச்சேன், அந்த மனுஷன் நல்லா நடமாடிட்டே இருக்கார். கவலையா, இறுக்கமா இருந்த முகம்ங்கற அர்த்தம் அர்த்தம் காட்டற அதே பெட்டிக்குள்ள ரெண்டாவது பதிவா கீழ இருந்திருக்கு, தள்ளிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். ஆனா தெரியாதவனுக்கு கீழ இன்னொண்ணு இருக்குங்கறதே எப்படி தெரியும்? மேல வந்தது பொருந்தற மாதிரி இருந்தா அதோட நிறுத்திடுவோம், எல்லாரும் அப்படித்தான் படிப்போம்.

இதவிட மோசம், ரெண்டு மூணு சின்ன வார்த்தை சேந்து ஒரு அர்த்தம் குடுக்கற இடம். டேக் இன்னு ஒண்ணு இருக்கு. ஏமாத்தறதுக்கும் அதான், வீட்டுல அடைக்கலம் குடுக்கறதுக்கும் அதான், கேட்டத மனசுல வாங்கிக்கறதுக்கும் அதான், தொளதொளன்னு இருக்கற சட்டைய புடிச்சு தைக்கறதுக்கும் அதான். டேக் தெரியும், இன் தெரியும், தொட்டுப் பாக்கணும்னே தோணாது. தோணி ரெண்டையும் சேத்து இழுத்து செலக்ட் பண்ணா சில நேரம் வரும், பல நேரம் எதுவுமே கிடைக்கலன்னு சொல்லும். நடுவுல வேற வார்த்தை புகுந்துட்டா, அதாவது டேக்கன் ஒரு பக்கம், இன் ரெண்டு வார்த்தை தள்ளி இன்னொரு பக்கம்னு இருந்தா, சேத்து செலக்ட் பண்ணவே வழியில்ல.

இது எவ்ளோ பெரிய ஓட்டைன்னு புரியணும்னா தமிழ்லயே யோசிச்சுப் பாருங்க. நம்ம பாஷைய புதுசா கத்துக்கற ஒருத்தர் "அவன் விட்டுக்கொடுத்துட்டான்"னு படிக்கறார்னு வச்சுக்கோங்க. விடு தெரியும், கொடு தெரியும், ரெண்டையும் கூட்டினா என்ன வரும்? போட்டுக்கொடுத்துட்டான்னா? ஏதோ பாத்திரத்துல சோறு போட்டு கைல கொடுத்தான்னுதான் நினைப்பார், கோள் சொல்லி மாட்டிவிட்டது அவருக்கு எப்படி தெரியும். கண்டுக்கல, கைவிட்டுட்டான், வாங்கிக்கட்டிக்கிட்டான், இதெல்லாம் நம்ம வாயில தானா வருது, நமக்கு இது கஷ்டம்னே தெரியாது. இங்கிலீஷ்லயும் அப்படித்தான், அவங்களுக்கு ரொம்ப சாதாரணமா வர்ற இடம்தான் நமக்கு குழி. கஷ்டமான நீள வார்த்தை எல்லாம் இந்த மெஷின் நல்லாவே பாத்துக்குது, சின்ன வார்த்தைலதான் கால வாருது.

மொத ரெண்டு வருஷம் இன்னொரு கொடுமையும் சேந்துச்சு. உள்ள வந்த டிக்ஷனரி இங்கிலீஷ்காரங்களுக்காக எழுதினது. ஸ்னியர்னு ஒரு வார்த்தைய தொட்டா கன்டெம்ப்சுவஸா சிரிக்கறதுன்னு வரும், கன்டெம்ப்சுவஸ தொட்டா ஸ்கார்ன்ஃபுல், ஸ்கார்ன்ஃபுல்ல தொட்டா மறுபடி கன்டெம்ப்ட். சுத்தி சுத்தி அதே தெரு. ஏளனமா உதட்ட சுழிச்சு சிரிக்கறதுன்னு கடைசில ஒரு தமிழ் அகராதில பாத்துதான் தெரிஞ்சுக்கிட்டேன்.

ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு நாள் செட்டிங்ஸ்ல எதையோ தேடப்போய், டிக்ஷனரிய மாத்திக்கலாம்னு பாத்தேன். லேர்னர்ஸ் டிக்ஷனரின்னு ஒரு வகை இருக்கு, நம்மள மாதிரி வெளி ஆளுங்களுக்குன்னே எழுதினது, அத ஏத்திக்கிட்டேன். அன்னிக்கு ராத்திரி எனக்கு இருந்த சந்தோஷத்த சொல்லி மாளாது. அதே ஸ்னியர தொட்டேன், ஒரே படியில புரிஞ்சுது. அப்புறம்தான் இந்த டிக்ஷனரிகளோட கதைய தேடித் தேடி படிச்சேன். இந்த வகைல பேர் போன ஆக்ஸ்ஃபோர்ட் லேர்னர்ஸ் டிக்ஷனரியோட மொத ரூபம் இங்கிலாந்துல வரல, 1942ல ஜப்பான்ல வந்துச்சு, அங்க இங்கிலீஷ் சொல்லிக்குடுத்துட்டு இருந்த ஹார்ன்பியும் கூட இருந்தவங்களும் சேந்து பண்ணது. மாணவன் எங்க தடுக்கி விழறான்னு எதிர்ல உக்காந்து பாத்தவங்க எழுதினது. 1978ல வந்த லாங்மன் டிக்ஷனரி சுமார் 2000 வார்த்தைக்குள்ளயே எல்லா அர்த்தத்தையும் விளக்கணும்னு கட்டுப்பாடு வச்சுக்கிச்சு, அந்த 2000 தெரிஞ்சா போதும் மீதி எல்லாம் தொறந்துடும். 1987ல வந்த கோபில்ட் அர்த்தத்தையே முழு வாக்கியமா, பக்கத்துல உக்காந்து சொல்லித்தர்ற மாதிரி எழுதிச்சு. இத்தனை பேர் இத்தனை வருஷமா நம்மளுக்காக மெனக்கெட்டிருக்காங்க, ஆனா படிக்கற மெஷின் பண்ணவங்க அத மொத நாளே கண்ணு முன்னாடி வைக்கல. என் ரெண்டு வருஷம் போச்சு. இத மட்டும் என்னால மன்னிக்க முடியல.

தொட்ட வார்த்தை எல்லாத்தையும் அதுவே லிஸ்ட்டா சேத்து வைக்கும், எந்த வரில பாத்தமோ அந்த வரியோட. அது நல்ல ஏற்பாடு, வரியோட இருந்தாதான் மனசுல நிக்கும். ஆனா என் லிஸ்ட்ல இன்னிக்கு 6300 சொச்சம் இருக்கு, அதுல பாதிக்கு மேல ஒரே ஒரு தடவை தொட்டது. எந்த புத்தகத்துலயும் வர்ற தனித்தனி வார்த்தைகள எண்ணினா பாதி கிட்ட ஒரே ஒரு தடவைதான் தலைகாட்டும், அதனால அது சகஜம்தான். என்னை குத்தினது வேற. ரிலக்டன்ட்ங்கற வார்த்தைய நான் 9 தடவை தொட்டிருக்கேன். ஒன்பது! வேண்டாவெறுப்பா, தயக்கத்தோடன்னு ஒன்பது தடவையும் படிச்சிருக்கேன், ஒன்பது தடவையும் அடுத்த வரிக்கு போனதும் விட்டிருக்கேன். ஈஸியா வந்தது ஈஸியா போயிடுச்சு.

இது எனக்கு உறைச்சது அந்த 18 நாள்லதான். மெஷின் கைல இல்ல, படிக்காம தூக்கம் வராது, அதனால ஒரு பேப்பர் புக்க எடுத்தேன். டிக்ஷனரி தொடக்கூடாது, தெரியாத வார்த்தைக்கு பக்கத்துல பென்சில்ல ஒரு புள்ளி மட்டும்னு வச்சுக்கிட்டேன். மொத நாலு நாள் நரகம். விரல் பேப்பர் மேல போய் அமுத்துது, அவ்ளோ பழக்கம். அஞ்சாவது நாள்ல இருந்து ஏதோ மாறிச்சு. ட்விண்டில்னு ஒரு வார்த்தை, புள்ளி வச்சேன். விறகு அப்படி ஆச்சுன்னு வந்துச்சு, பத்து பக்கம் தள்ளி கையிருப்பு பணம் அப்படி ஆச்சு, இன்னும் கொஞ்சம் தள்ளி கூட இருந்த ஆளுங்களும் அப்படி ஆனாங்க. மூணாவது தடவை படிக்கறப்ப யாரும் சொல்லாம எனக்கே தெரிஞ்சுது, கொஞ்சம் கொஞ்சமா கொறைஞ்சு தேய்ஞ்சு போறது. அந்த வார்த்தை இனிமே என்னை விட்டு போகாது. புக் முடிஞ்சப்ப 41 புள்ளி இருந்துச்சு, எல்லாத்தையும் டிக்ஷனரில பாத்தேன், 27 நான் ஊகிச்சதுக்கு கிட்ட இருந்துச்சு.

எல்லாம் சரியா வரலங்கறதையும் சொல்லணும். நான்ப்ளஸ்ட்னா அலட்டிக்காம இருந்தாங்கன்னு நினைச்சுட்டு இருந்தேன், அது திகைச்சுப்போய் என்ன செய்றதுன்னு தெரியாம நின்னதாம், நேர் எதிர். அதோட இந்த ஊகம் எல்லாம் நடந்தது இப்ப எனக்கு பக்கத்துக்கு நாலஞ்சு வார்த்தைதான் தெரியாதுங்கறதால. பக்கத்துக்கு 20 தெரியாத காலத்துல ஊகிக்கறதுக்கு சுத்தி என்ன இருக்கும், எல்லாமே இருட்டு. அந்த இருட்டுல இருந்து என்னை இழுத்துட்டு வந்ததும் இதே மெஷின்தான். அதனாலதான் நன்றியும் கோவமும் ஒண்ணாவே வருது.

நேத்து ராத்திரி, திரும்பி வந்த மெஷின்ல மொத நாள் படிப்பு. கதைல ஒரு வயசானவர் தூங்கப்போறதுக்கு முன்னாடி சுவர் கடிகாரத்த ஏதோ பண்றார், எழுத்து டபிள்யூ-ஓ-யூ-என்-டி. காயம்னு தெரிஞ்ச வார்த்தைதானே, கடிகாரத்துக்கு என்ன காயம்னு சந்தேகத்துல தொட்டேன். காயம்னேதான் சொல்லுச்சு. கோவத்துல அடிச்சு உடைச்சுட்டார் போலன்னு போனேன். அடுத்த பக்கத்துல கடிகாரம் ஜோரா ஓடிட்டு இருக்கு. திரும்பி வந்து அந்த வரிய மூணு தடவை படிச்சேன். வைண்ட், அதோட இறந்தகாலம், வவுண்ட்னு சொல்லணும். சாவி குடுத்திருக்கார், தினம் குடுக்கற சாவி. நாலு வருஷம் 63 புக்குக்கு அப்புறமும் இந்த மெஷின் என்னை கிரேவ் வந்த அன்னிக்கு இருந்த இடத்துலயே நிக்க வைக்குது. லேர்னர்ஸ் டிக்ஷனரிதான் உள்ள இருக்கு, அதுலயும் காயம்தான் மேல. முன்ன இருக்கற வார்த்தை என்ன, பின்ன இருக்கற வார்த்தை என்னன்னு ஒரு பார்வை பாத்துட்டு சொல்ல அதுக்கு தெரியல.

அதனால ஃப்ரெண்டுக்கு வாங்காதன்னு அனுப்பிட்டேன். அஞ்சுக்கு ரெண்டு மார்க். போன மாசம் கேட்டிருந்தா நாலு போட்டிருப்பேன், அது எனக்கும் தெரியும், ஆனா இன்னிக்கு ரெண்டுதான். உடனே திருப்பி கேட்டான், "63 புக் முடிச்சேன்னு நீதானேடா சொன்ன"ன்னு. ஆமா. அப்படி வாங்கியே தீருவேன்னா புக் எதையும் தொறக்கறதுக்கு முன்னாடி செட்டிங்ஸுக்கு போய் டிக்ஷனரிய மாத்து, அர்த்தம் காட்டற பெட்டி வந்தா கீழ தள்ளிப் பாரு, ஒரே வார்த்தைய மூணாவது தடவை தொட விரல் போச்சுன்னா தொடாம அந்த பத்திய இன்னொரு தடவை மொதல்ல இருந்து படின்னு எழுதி அனுப்பிருக்கேன்.