கிணறா, நீச்சல் குளமா, தண்ணீர்ப் பக்கமே வேண்டாமா?

முழுப்பரீட்சை முடிந்ததும் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து வீடுகளில் இந்தப் பேச்சு எப்படியும் வந்துவிடும்: பிள்ளைக்கு நீச்சல் கற்றுக்கொடுக்க வேண்டும். தாத்தா தோட்டத்துக் கிணற்றைச் சொல்வார். டவுனில் குடியிருக்கும் அப்பா நீச்சல் குளத்தின் கோடைப் பயிற்சி நோட்டீஸை எடுத்துக் காட்டுவார். "ரெண்டும் வேண்டாம், தண்ணிப் பக்கமே போகக் கூடாது" என்று அம்மா ஒரே போடாகப் போட்டுவிடுவார்.

அம்மாவிடமிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் பல வீடுகளில் கடைசியில் ஜெயிப்பது அவர் பேச்சுதான். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றால் அவர் சொல்வது முழுக்கச் சரி. கிணற்றுக்குச் சுற்றுச்சுவர், தொட்டிக்கும் சம்புக்கும் மூடி, பக்கத்திலேயே ஒரு பெரியவர். அந்த வயதில் இதுதான் வேலை. உலக சுகாதார நிறுவனமும் சின்னக் குழந்தைகளுக்குத் தடுப்பும் மேற்பார்வையும், ஆறு வயது தாண்டியவர்களுக்கு நீச்சலும் தண்ணீர்ப் பாதுகாப்பும் என்று பிரித்துத்தான் பரிந்துரைக்கிறது.

சிக்கல் பத்து வயதுக்கு அப்புறம் வருகிறது. கையில் சைக்கிள், கூட நாலு பேர், ஞாயிற்றுக்கிழமை மதியம். போகாதே என்றால் சொல்லிவிட்டுப் போக மாட்டான், சொல்லாமல் போவான். செய்தித்தாளில் நாம் படிக்கும் சம்பவங்களும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒருவன் வழுக்கி விழுவான், இன்னொருவன் தூக்கப் போவான், இருவருக்கும் நீச்சல் தெரியாது.

நம் மாவட்டங்களில் இந்தத் தடை இன்னும் சீக்கிரம் உடையும். இது வறண்ட பூமி. ஏரி பல மாதம் காய்ந்து கிடக்கும், பிள்ளைகள் அதில் கிரிக்கெட் ஆடுவார்கள். ஒரு நல்ல மழையில் ஏரி நிறைந்து வழிந்து கோடி போனால் ஊரே பார்க்கப் போகும். ஆடிப் பழகிய இடம்தானே என்று பையன் இறங்குவான். வண்டல் எடுக்கத் தோண்டிய பள்ளம் தண்ணீருக்குள் எங்கே இருக்கிறது என்று மேலே நின்று பார்க்கும் யாருக்கும் தெரியாது. முழங்கால் தண்ணீரில் நடப்பவன் அடுத்த அடியில் ஆளுயரத்துக்குப் போய்விடுவான். கிருஷ்ணகிரிப் பக்கத்தில் கைவிட்ட கிரானைட் குவாரிகள் வேறு. செங்குத்தாக வெட்டிய பாறை, படி கிடையாது, பிடித்து ஏற ஒரு வேர்கூட இருக்காது. நன்றாக நீந்துபவனே அதில் கரையேறத் திணறுவான். அதனால் அம்மாவின் "வேண்டாம்" குவாரிக்கு எல்லா வயதிலும் பொருந்தும். ஆனால் தண்ணீர் மொத்தத்துக்கும் அதையே சொல்ல முடியாது.

அடுத்து கிணறு. கூலி கேட்காத வாத்தியார்கள் கிடைக்கும் இடம் இது, பெரும்பாலும் தாய்மாமன்கள். ஐந்து லிட்டர் காலி கேனை முதுகில் கட்டுவார்கள், அந்தக் காலத்தில் சுரைக்குடுக்கை. இடுப்பில் ஒரு கயிறு. மாமன் தண்ணீருக்கு மேலே இருக்கும் படிக்கல்லில் உட்கார்ந்து கயிற்றைப் பிடித்துக்கொள்வார். பையன் படியை விடாமல் பிடித்தபடி காலை மட்டும் உதைப்பான். "மாமா, விட்றாத." "விட மாட்டேன்டா, நீ காலை ஒதை." கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் கயிறு தொய்ந்து தண்ணீரில் மிதக்கும், பையன் எதிர்ச் சுவர் வரை போயிருப்பான். கேனில் பாதி தண்ணீர் ஊற்றி மிதப்பைக் குறைப்பது அடுத்த கட்டம்.

கிணற்றில் எனக்குப் பிடித்ததே அந்தப் படிகள்தான். எந்தப் படியிலிருந்து குதிப்பது என்பதைப் பையனே முடிவு செய்கிறான். முதல் நாள் தண்ணீரை ஒட்டிய கல், அப்புறம் அதற்கு மேல் கல், என்றைக்கோ ஒரு நாள் மேட்டிலிருந்து. பயந்தால் ஒரு படி இறங்கிக்கொள்வான். ஆபத்தோடு விளையாடும் பிள்ளைகளை ஆராய்ந்த நார்வேக்காரர் எல்லன் சாண்ட்செட்டர், 2007இல் அவ்விளையாட்டுகளை ஆறு வகையாகப் பிரித்தார். உயரம், வேகம், ஆபத்தான கருவி, தண்ணீர் நெருப்பு போன்றவற்றின் அருகாமை, மல்லுக்கட்டு, பெரியவர் கண்ணில் படாமல் தொலைந்து போவது. கிணற்றில் உயரமும் தண்ணீரும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. கனடாவின் குழந்தை மருத்துவர் சங்கமும் 2024இல் இப்படிப்பட்ட வெளி விளையாட்டை ஆதரித்து அறிக்கை வெளியிட்டது. ஆனால் பிள்ளை பார்த்து அளந்துகொள்ளக்கூடிய ஆபத்து வேறு, அவன் கண்ணுக்கே தெரியாத ஆபத்து வேறு என்று அதில் பிரித்திருந்தார்கள். படியின் உயரம் முதல் வகை. ஏரிக்குள் இருக்கும் பள்ளம் இரண்டாம் வகை.

கிணற்றிலும் இரண்டாம் வகை உண்டு, அதைப் பெரியவர்தான் தீர்க்க வேண்டும். முதலில் மோட்டார். தண்ணீருக்குள் கேபிள் போகிறது, இன்சுலேஷன் தேய்ந்திருக்கலாம். சுவிட்சை அணைத்தால் போதாது, பீஸ் கட்டையைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். வேலை இல்லாமல் கிடக்கும் பாழ் கிணறு என்றால் வேண்டவே வேண்டாம். அடியில் கெட்ட காற்று தேங்கியிருக்கும், தூர் வாரப் போனவர்களே அதில் மயங்கி விழுந்திருக்கிறார்கள். காலமும் ஒத்துவராது. லீவு விடுவது மே மாதம், நம் கிணறுகள் வற்றுவதும் மே மாதம். தண்ணீர் கீழே போனால் பாசிப் படி வெளியே வரும், அடியில் பாறை மேலே வந்துவிடும். மேட்டிலிருந்து குதிப்பதெல்லாம் அப்போது கிடையாது. ஐப்பசி மழைக்கு அப்புறம் கிணறு தளும்பும், ஆனால் பள்ளிக்கூடம் இருக்கும். சனி ஞாயிறுகளில் கற்றுக்கொடுப்பதுதான் வழி.

இன்னும் இரண்டு விஷயம் உண்டு, கிணற்றுப் பெருமை பேசும்போது பெரும்பாலும் இவற்றை விட்டுவிடுவோம். பெண்பிள்ளைகளைக் கொஞ்சம் வளர்ந்ததும் கிணற்றிலிருந்து ஏற்றிவிடுகிறார்கள். அதோடு சொந்தக் கிணறோ சொந்தக்காரர் கிணறோ எல்லோருக்கும் இல்லை. யார் கிணற்றில் யார் இறங்கலாம் என்ற பழைய கணக்கும் எல்லா ஊரிலும் அழிந்துவிடவில்லை.

இந்த இரண்டிலும் நீச்சல் குளம் கிணற்றை ஜெயித்துவிடுகிறது. கட்டணம் கட்டினால் யாரும் இறங்கலாம், பெண்களுக்குத் தனி பேட்ச் வைக்கும் இடங்களும் உண்டு. அடி தெரியும் தண்ணீர், சுவரில் ஆழம் எழுதியிருக்கும், பயந்த பிள்ளை காலை ஊன்றி நிற்கலாம். மூச்சு விடும் முறை, கை வீசும் முறை எல்லாம் குளத்துக் கோச் சொல்லித்தருவது போல எந்த மாமனும் சொல்லித்தர மாட்டார். கிணற்றில் கற்றவர்கள் பலர் தலையைத் தூக்கிக்கொண்டே அடிப்பார்கள், சீக்கிரம் களைத்துவிடுவார்கள்.

குறை, குளத்துக்குள் எல்லாம் விசில் கணக்கில் நடப்பது. இறங்கு, ஏறு, வரிசையில் நில். பிள்ளை தானாக முடிவு செய்ய அங்கே எதுவும் இல்லை. கோடையில் கூட்டம் சேர்ந்தால் ஒரு கோச் எத்தனை தலைகளை எண்ணுவார்? மூழ்குகிறவர் சினிமாவில் போலக் கையை ஆட்டிக் கத்துவதில்லை. வாய் தண்ணீருக்குள் போய் வந்துகொண்டிருப்பதால் சத்தமே வராது, ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். அடுத்த ஒன்று, பையன் அந்த நீலத் தரையை நம்பிப் பழகிவிடுவான். நாலடிக் குளத்தில் பத்துச் சுற்று அடித்தவனைத் தரை தெரியாத பச்சைத் தண்ணீரில் விட்டால் முதலில் கால் தரையைத் தேடும், கிடைக்காதபோது கற்றதெல்லாம் மறந்துபோகும்.

ஆறும் அணையும் கற்றுக்கொள்ளும் இடமாக என் பட்டியலிலேயே இல்லை. ஒகேனக்கல்லில் வெயில் அடிக்கும், மழையே இருக்காது, கர்நாடகத்து அணைகளில் திறந்த தண்ணீர் வந்து சேரும். நீர்வரத்து கூடும்போது குளிக்கவும் பரிசலுக்கும் தடை போடுவது அதனால்தான். ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கிவரும் தண்ணீரைப் பார்த்தவர் யாரும் பிள்ளையை அதில் இறக்க மாட்டார்கள்.

சரி, எது? படிக்கட்டுள்ள, புழக்கத்தில் இருக்கும் கிணறும், நீந்தத் தெரிந்த பெரியவரும் இருந்தால் என் ஓட்டு கிணற்றுக்கு. அப்புறம் ஒரு கோடை குளத்துக்கு அனுப்பி மூச்சைச் சரிசெய்துகொள்ளலாம். ஓசூர் அபார்ட்மென்ட் பிள்ளைகளுக்குத் தலைகீழ் வரிசை: குளத்தில் தொடங்கி, பிறகு கயிறு கட்டி ஒரு சொந்தக்காரர் கிணற்றில் இறக்க வேண்டும். பெண்பிள்ளைக்குக் குளம்தான் வழி என்றால் அதற்கும் கட்டாயம் பணம் கட்ட வேண்டும், தம்பிக்கு மட்டும் போதும் என்று விடக் கூடாது.

வங்கதேசக் கிராமங்களில் மூன்றாவதாக ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஊர்க் குளத்துக்குள்ளேயே மூங்கில் மேடை கட்டி, அடைத்த இடத்துக்குள் கற்றுக்கொடுக்கிறார்கள். 25 மீட்டர் நீந்துவது, 30 நொடி மிதப்பது, கரையில் நின்றபடி அடுத்தவரைக் காப்பாற்றுவது, இவ்வளவுதான் பாடம். நம் பஞ்சாயத்துகள் இதைச் செய்யாததற்கு மூங்கில் தட்டுப்பாடு காரணமாக இருக்க முடியாது.

அந்தக் கடைசிப் பாடத்தைக் கிணறோ குளமோ எதில் கற்றாலும் சேர்த்துக் கற்றுக்கொடுக்க வேண்டும். ஒருவன் தத்தளித்தால் பிள்ளைகள் குதிக்கக் கூடாது. கயிறு, சேலை, காலி கேன், எது கையில் கிடைக்கிறதோ அதை வீசிவிட்டுப் பெரியவரைக் கூப்பிட வேண்டும். பெரியவர்களுக்கும் ஒன்று உண்டு. தூக்கிய பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் நேரத்தை வீணாக்கும். மூச்சில்லை என்றால் உடனே வாயோடு வாய் வைத்து ஊதி, நெஞ்சை அழுத்த வேண்டும். அதற்குள் இன்னொருவர் 108ஐக் கூப்பிட்டுவிட வேண்டும். பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும் வரை, கரையில் காவல் இருப்பவரின் செல்போன் மோட்டார் ரூமில் இருக்கட்டும். நீச்சல் தெரியாதவர் எத்தனை பேர் நின்றாலும் அவர்களைக் காவல் கணக்கில் சேர்க்க வேண்டாம்.