சொகுசுக் கப்பலா, காயல் படகு வீடா: நண்பர் குழுவுக்கு எது பொருந்தும்?

கல்லூரியில் ஒன்றாகப் படித்த நாங்கள் ஏழு பேர், ஆண்டுக்கு ஒருமுறை மூன்று நான்கு நாள்கள் எங்காவது சேர்ந்து போய்வருவதை வழக்கமாக வைத்திருக்கிறோம். ஓராண்டு சிங்கப்பூரிலிருந்து கிளம்பிப் பினாங்கு சென்று திரும்பும் சொகுசுக் கப்பலில் பயணித்தோம். அதற்கடுத்த ஆண்டு ஆலப்புழையில் படகு வீடு எடுத்தோம். இவ்விரண்டையும் பெரும்பாலானோர் கட்டணத்தையும் வசதியையும் வைத்தே ஒப்பிடுகிறார்கள். எனக்கோ இரண்டிலும் போய்வந்த பிறகு வேறொரு கேள்விதான் முக்கியமாகப் படுகிறது: போன இடத்தில் நண்பர்கள் எவ்வளவு நேரம் உண்மையிலேயே சேர்ந்திருந்தார்கள்?

ஆயினும் பணத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் நண்பர்களுக்குள் மனத்தாங்கல் பெரும்பாலும் அங்கேதான் முளைக்கிறது. கப்பல் விளம்பரத்தில் காணும் தொகை, ஓர் அறையில் இருவர் தங்குவதாக வைத்துக்கொண்டு ஆளுக்குக் கணக்கிடப்பட்டது. துறைமுகக் கட்டணம், பணியாளர்களுக்காக நாள்தோறும் தலைக்கு இவ்வளவு என்று சேர்க்கப்படும் டிப்ஸ், வைஃபை, பானங்கள், சில உணவகங்களுக்கான தனிக் கட்டணம் ஆகியவை அதன்மேல் ஏறிக்கொண்டே போகும். நாங்கள் ஒற்றைப்படையில் இருந்ததால் நான்கு அறைகள் தேவைப்பட்டன. நான்காவது அறையில் தனியாகத் தங்கியவர் ஏறத்தாழ இருவருக்கான கட்டணத்தைக் கட்ட வேண்டியிருந்தது. அந்தக் கூடுதல் தொகையை ஏழாகப் பிரிப்பதா, தனியறை கிடைத்தவரே ஏற்பதா என்று ஒரு வாரம் பேசினோம். ஓர் அறையில் மூன்றாவதாகவும் நான்காவதாகவும் சேர்பவருக்குப் பொதுவாகக் கட்டணம் குறையும் என்றாலும், அவருக்குக் கிடைப்பது கூரையிலிருந்து இறக்கும் மேல்படுக்கைதான். முழங்கால் வலியுள்ள நண்பரை அதில் ஏற்றுவது முறையல்ல.

படகு வீட்டில் கணக்கே வேறு. அங்கே நீங்கள் வாடகைக்கு எடுப்பது முழுப் படகை; விலை அறைகளின் எண்ணிக்கையையும் பருவத்தையும் பொறுத்தது, சாப்பாடும் அதிலேயே அடக்கம். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கடைசி நேரத்தில் ஒருவரால் வர முடியாமல் போனால், கப்பலில் அவருடைய பணம் அவருக்கு நஷ்டம். படகு வீட்டில் மீதமுள்ளவர்களின் பங்கு ஏறிவிடுகிறது. வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போகும் பழக்கமுள்ள ஒருவர் உங்கள் குழுவில் இருந்தால், முன்பதிவுக்கு முன்பே இதைப் பற்றிப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

இனி, சேர்ந்திருப்பது. சிங்கப்பூரிலிருந்து இயங்கிவரும் கப்பல்களின் அளவைக் கரையிலிருந்து கற்பனை செய்வது கடினம். 2016-இல் கட்டி முடிக்கப்பட்ட ஜென்டிங் டிரீம் 335 மீட்டர் நீளமும் 18 தளங்களும் கொண்டது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளை ஏற்றிச் செல்வது. இத்தகைய கப்பல் ஒரு சிறு நகரத்துக்குச் சமம். ஒருவருக்கு நீச்சல் குளம், ஒருவருக்கு மேடை நிகழ்ச்சி, ஒருவருக்கு உடற்பயிற்சிக் கூடம், ஒருவருக்குத் தூக்கம் என்று முதல் நாள் பிற்பகலிலேயே நாங்கள் நாலா பக்கமும் பிரிந்துவிட்டோம். நடுக்கடலில் கைப்பேசிக்குக் கரையின் சிக்னல் கிடைப்பதில்லை. கப்பலின் வழியாக வரும் ரோமிங் இணைப்புக்குக் கட்டணம் மிக அதிகம் என்பதால் எல்லோரும் ஏர்பிளேன் மோடில் போட்டுவிட்டோம். கப்பல் அறைகளின் கதவும் சுவரும் இரும்புத் தகடு என்பதால் அவற்றில் காந்தம் ஒட்டும். எங்களில் ஒருவர் அதை முன்பே தெரிந்துகொண்டு, வீட்டுக் குளிர்பதனப் பெட்டியிலிருந்து நான்கைந்து காந்தங்களைக் கழற்றி எடுத்து வந்திருந்தார். ‘இரவு 8 மணி, ஆறாம் தளம், படிக்கட்டு அருகே’ என்று எழுதிய துண்டுச் சீட்டுகள் எங்கள் கதவுகளில் தொங்கத் தொடங்கிய பிறகுதான் நாங்கள் ஒருவரையொருவர் பார்க்கவே முடிந்தது. ஓர் இரவு அந்தச் சீட்டைப் பார்க்கத் தவறிய நண்பர், நாங்கள் அவரை விட்டுவிட்டுச் சாப்பிட்டதாக நினைத்து வருந்தினார். அந்த வருத்தம் ஊர் திரும்பும்வரை முழுதாக நீங்கவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நண்பர்களோடு மனைவி, பிள்ளைகள், வயதான பெற்றோர் ஆகியோரும் வருகிறார்கள் என்றால், இந்தப் பிரிந்துபோகும் வசதிதான் கப்பலின் மிகப் பெரிய பலம். பெட்டியை ஒருமுறை பிரித்து வைத்தால் போதும். தங்குமிடம் உங்களோடு நகர்கிறது. பாட்டிக்கு லிஃப்ட் இருக்கிறது, மருத்துவ அறை இருக்கிறது, பிள்ளைகளுக்கு நாள் முழுக்க விளையாட்டு இருக்கிறது. இரவு உணவுக்கு மட்டும் ஒரே மேசையை எல்லா நாளும் பதிவு செய்துகொண்டால் குடும்பங்கள் கூடிப் பேசவும் நேரம் அமையும்.

ஆலப்புழையில் பிரிந்துபோவதற்கு இடமே இல்லை. நெல்லும் சரக்கும் ஏற்றிச் சென்ற கெட்டுவள்ளங்களின் வழிவந்தவை இந்தப் படகு வீடுகள். ஆணி இல்லாமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய படகு என்பதால்தான் அவற்றுக்கு அந்தப் பெயர். முன்புறம் ஒரு கூடம், வரிசையாக அறைகள், பின்புறம் சமையற்கட்டு, அவ்வளவுதான். நண்பகலில் ஏறினோம். குட்டநாட்டின் வயல்கள் நீர்மட்டத்துக்குக் கீழே கிடப்பதைப் பார்த்துக்கொண்டு, கரையோரக் கடையில் கரிமீனும் இறாலும் வாங்கிச் சமையற்காரரிடம் கொடுத்துவிட்டு, சும்மா உட்கார்ந்திருந்தோம். மாலையில் மீனவர்கள் வலை விரிப்பார்கள் என்பதால் ஐந்தரை மணி வாக்கில் படகைக் கரையோரத் தென்னையில் கட்டிவிட்டார்கள். எஞ்சின் நின்றதும் வந்த அமைதியில், எதிர்க்கரையில் யாரோ பாத்திரம் துலக்கும் ஓசைகூடத் தெளிவாகக் கேட்டது. எங்கள் படகில் குளிர்சாதனம் இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் ஓடும் என்பதால் அறைக்குள் ஒதுங்கவும் வழியில்லை. பழம்பொரியும் கட்டன் சாயாவும் வந்தன. இருட்டிக்கொண்டு வந்த அந்த நேரத்தில், எங்களில் மிகக் குறைவாகப் பேசும் நண்பர், எட்டு மாதமாகத் தம் வேலை போய்விட்டதை யாரிடமும் சொல்லாமல் இருந்ததாகச் சொன்னார். கப்பலில் நான்கு நாள்கள் இருந்தும் வராத பேச்சு அது.

அதே நெருக்கம் குழுவுக்குள் பழைய சண்டை இருந்தால் சுமையாகிவிடும். முகம் திருப்பிக்கொள்ள நினைப்பவர் திருப்பிக்கொண்டு போக எங்கும் இடமில்லை; கொசுவும் உண்டு, புழுக்கமும் உண்டு. மேலும், நண்பகலில் ஏறி மறுநாள் காலை ஒன்பது மணிக்கு இறங்குவதே பெரும்பாலும் வழக்கம் என்பதால், ஒரு நாள் வாடகைக்கு உங்களுக்குக் கிடைப்பது 21 மணி நேரம்தான். முடிந்தால் இரண்டு இரவுகள் எடுங்கள்.

ஊர் பார்ப்பதில் இரண்டுமே குறையுள்ளவை என்பேன். எங்கள் கப்பல் காலையில் பினாங்கை அடைந்தது. மாலை ஐந்துக்குள் திரும்பிவிட வேண்டும் என்றார்கள். 2008-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் மலாக்காவோடு சேர்ந்து இடம்பெற்ற ஜார்ஜ் டவுனும், 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலும், அதையொட்டிய குட்டி இந்தியாவும் துறைமுகத்திலிருந்து நடந்துபோகும் தொலைவில்தான் இருக்கின்றன. ஆனால் பினாங்கின் தெருவோரக் கடைகள் களைகட்டுவது பொழுது சாய்ந்த பிறகு. நாங்கள் அப்போது கப்பலில் இருந்தோம். சொந்தமாக ஊர் சுற்றப் போனவர்கள் தாமதித்தால் கப்பல் காத்திருக்காது என்பதும் மனத்தை விரட்டிக்கொண்டே இருந்தது. பினாங்குதான் நோக்கம் என்றால் விமானத்தில் போய் மூன்று இரவு தங்குங்கள். அதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை.

விசாவைக் குறித்து ஓர் எச்சரிக்கை. சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு வேறு நாட்டுத் துறைமுகம் சென்று திரும்புவது சிங்கப்பூருக்குள் இரண்டாவது நுழைவாகிறது. எங்களில் ஒருவருக்கு ஒருமுறை மட்டும் நுழையும் விசாவே கிடைத்திருந்தது; டிக்கெட் போட்டுத் தந்த முகவர் அதைக் கவனிக்கவில்லை. கிளம்ப ஆறு நாள் இருக்கும்போது நாங்களே கண்டுபிடித்து மாற்றினோம்.

அலை குறித்த அச்சம் பலருக்கு உண்டு. சுமத்ராவின் மறைவில் இருக்கும் மலாக்கா நீரிணை பெரும்பாலும் அமைதியானது. பெரிய கப்பலில் ஆட்டம் தெரிவதே அரிது. சென்னையிலிருந்து இலங்கைக்குச் சென்ற எம்பிரஸ் போன்ற 211 மீட்டர் நீளக் கப்பலிலோ, அதுவும் வடகிழக்குப் பருவமழையையொட்டிய மாதங்களில் வங்கக் கடலிலோ போகிறவர்கள், கப்பலின் நடுப்பகுதியில் கீழ்த்தள அறையாகக் கேட்டு வாங்குவது நல்லது. குமட்டல் வந்த பின் மாத்திரை போட்டுப் பயன் குறைவு. மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கிளம்பும் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். காயலில் இந்தத் தொல்லை கிடையாது.

பாதுகாப்பை இரண்டிலும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2012-இல் இத்தாலியக் கரையருகே கோஸ்டா கான்கார்டியா என்ற சொகுசுக் கப்பல் சாய்ந்து 32 பேர் இறந்தபோது, அன்று புதிதாக ஏறிய பயணிகளுக்கு அவசரகாலப் பயிற்சி நடந்திருக்கவில்லை. அதன் பிறகே கப்பல் கிளம்பும் முன் அல்லது கிளம்பிய உடனே அந்தப் பயிற்சியை நடத்துவது கட்டாயமானது. அந்த நேரத்தில் நண்பர்கள் பஃபே வரிசையில் நிற்கப் போனால் இழுத்துக்கொண்டு வாருங்கள். கேரளத்தில் 2023 மே மாதம் தானூரில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். படகு வீட்டில் ஏறியதும் உரிமச் சான்றையும் ஆளுக்கொரு உயிர்காப்பு உடையையும் காட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஆலப்புழைப் படகு வீடுகள் ஓடும் வேம்பநாட்டுக் காயல் 2002-இலிருந்து ராம்சர் ஈரநிலம், அதாவது உலக அளவில் முக்கியமானதாகப் பட்டியலிடப்பட்ட ஈரநிலம்; அதில் டீசல் கசிவதும் கழிவுநீர் கலப்பதும் நெடுநாள் புண் என்பதால், கழிவைத் தொட்டியில் சேர்த்து முறையாக அகற்றும் படகுதானா என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.

எங்களில் மூத்தவருக்கு அடுத்த ஆண்டு ஐம்பது வயது நிறைகிறது. அதற்குக் குடும்பங்களோடு இருபது பேருக்கு மேல் வருவார்கள் என்பதால் கப்பல் என்று முடிவு செய்துவிட்டோம். இரவு உணவுக்கு அடுத்தடுத்த மூன்று மேசைகளை இப்போதே கேட்டிருக்கிறோம். அதற்கு முன், வரும் ஜனவரியில் நாங்கள் ஏழு பேர் மட்டும் இரண்டு இரவுக்கு நான்கு அறைப் படகாகப் பேசியிருக்கிறோம். வேலை போன நண்பருக்கு இப்போது வேறு வேலை கிடைத்துவிட்டது. இம்முறை முன்பணம் கட்டியவர் அவர்தான்.