காலேஜ் ஃபுட்பால் 26: முதலாமாண்டு ரிசீவரை நம்பிக் களமிறக்கலாமா?

இஏ ஸ்போர்ட்ஸ் நிறுவனம் 2025 ஜூலை 10 அன்று வெளியிட்ட ‘காலேஜ் ஃபுட்பால் 26’ என்ற, பந்தைக் கையால் வீசியும் ஏந்தி ஓடியும் கல்லூரி அணிகள் ஆடும் அமெரிக்கன் ஃபுட்பால் வீடியோ கேமின் சாதாரணப் பதிப்பு அட்டையில் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஜெரமையா ஸ்மித்தும் அலபாமாவின் ரயன் வில்லியம்ஸும் நிற்கிறார்கள். இருவரும் வைட் ரிசீவர்கள், அதாவது முன்னே ஓடி, வீசப்படும் பந்தைப் பிடிப்பவர்கள். இருவரும் 2024 பருவத்தில்தான் முதன்முதலாகக் கல்லூரிச் சீருடை அணிந்தவர்கள். ஒரே ஒரு பருவம் ஆடியவர்களுக்கு அட்டையைக் கொடுத்ததன் மூலம், பள்ளியை முடித்து நேரே வரும் ரிசீவர் வந்த ஆண்டிலேயே ஓர் அணியின் போக்கை மாற்றிவிட முடியுமா என்ற கேள்விக்கு, முடியும் என்று இந்த கேம் பதில் சொல்லிவிடுகிறது. அட்டை சொல்லும் பதிலை உள்ளே இருக்கும் ஆட்டம் எந்த அளவுக்கு நியாயப்படுத்துகிறது என்பதே என் அக்கறை. ஆகவே வரைகலை, வர்ணனை, அரங்கங்களின் அழகு ஆகியவை சிறப்பாகவே இருக்கின்றன என்று மட்டும் சொல்லிவிட்டு, ரிசீவர்கள் பக்கம் திரும்புகிறேன்.

நிஜக் களத்தின் கணக்கை முதலில் பார்த்துவிட வேண்டும். ஜெரமையா ஸ்மித் தம் முதல் பருவத்தில் 76 பந்துகளைப் பிடித்து 1,315 யார்டு முன்னேற்றமும், 15 டச்டவுன்களும் (எதிரணியின் கடைசி எல்லைக்குள் பந்தைச் சேர்ப்பது) குவித்தார். தேசிய இறுதியாட்டத்தில் நோட்டர் டேம் அணி விரட்டிக்கொண்டு வந்த கடைசி நிமிடங்களில், மூன்றாவது முயற்சியில், பந்தைத் தம் வசமே வைத்திருக்க 11 யார்டு தேவைப்பட்டபோது, பந்தை வீசும் பொறுப்பில் உள்ள குவார்ட்டர்பேக் வில் ஹவர்ட் அதை வீசியது அந்த முதலாமாண்டு மாணவரை நோக்கித்தான். கிடைத்தவை 56 யார்டுகள். ரயன் வில்லியம்ஸ் 17 வயதில், ஜார்ஜியாவுக்கு எதிராக, இரண்டு தடுப்பு வீரர்களுக்கு நடுவே சுழன்று திரும்பி ஓடி எடுத்த 75 யார்டு டச்டவுன்தான் அலபாமாவுக்கு 41-34 என்ற வெற்றியைத் தந்தது. இவர்களுக்கு முன்பே, தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் (யுஎஸ்சி) மைக் வில்லியம்ஸ் 2002இலும், கிளெம்சனின் சாமி வாட்கின்ஸ் 2011இலும் முதலாம் ஆண்டிலேயே ஆயிரம் யார்டுகளைத் தாண்டியிருக்கிறார்கள். மறுபக்கமும் இருக்கிறது. பின்னாளில் நாட்டின் தலைசிறந்த ரிசீவராகக் கொண்டாடப்பட்ட மார்வின் ஹாரிசன் ஜூனியர், 2021இல் முழுப் பருவத்துக்கும் சேர்த்துப் பிடித்தவை 11 பந்துகள்தான். அவற்றில் ஆறும், அவருடைய மூன்று டச்டவுன்களும், மூத்தவர்கள் இருவர் ஆடாமல் விலகிய ஒரே ஆட்டத்தில், பருவ முடிவில் நடக்கும் ரோஸ் பௌலில், வந்தவை. 2020இல் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது வென்ற டெவான்டா ஸ்மித், 2017இல் முதலாமாண்டு மாணவராக எட்டே பந்துகளைப் பிடித்தவர்; அவற்றில் ஒன்று தேசியப் பட்டத்தையே வென்று தந்தது என்பது வேறு கதை.

இந்த இருவரும் காத்திருந்ததற்குக் காரணம் திறமைக் குறைவு அன்று. அவர்களுக்கு முன்னால் நின்ற வரிசைதான். இந்த உண்மையை ‘டைனஸ்டி’ பகுதி மிகச் சரியாகப் பிடித்திருக்கிறது என்பதே இந்த கேமின் முதல் சிறப்பு. பயிற்சியாளர் பொறுப்பை ஏற்று ஓர் அணியை 30 பருவங்கள் வரை நடத்த இதில் இடமுண்டு. பெரிய அணி ஒன்றை எடுத்துக்கொண்டு பள்ளி வீரர்களுக்குத் தரப்படும் உச்ச மதிப்பான ஐந்து நட்சத்திரம் பெற்ற ரிசீவரைச் சேர்த்தாலும், அவருக்கு மேலே மூன்றாம் ஆண்டும் நான்காம் ஆண்டும் படிக்கும் வீரர்கள் கூடுதல் ஒட்டுமொத்த மதிப்பெண்ணோடு நிற்பதால், இயல்பான ஆட்ட வரிசை அவரை நான்காவது இடத்தில் உட்கார வைக்கிறது. நடுத்தர அணி ஒன்றுக்கு அதே மாணவர் வந்தால் முதல் வாரமே அவர்தான் முதல் ரிசீவர். நான்கு ஆட்டங்களுக்கு மேல் ஆடாத வீரருக்கு அந்த ஆண்டு, கல்லூரியில் ஆட அனுமதிக்கப்பட்ட ஆண்டுகளின் கணக்கில் சேராது என்று 2018இல் வந்த ரெட்ஷர்ட் விதியும் இருப்பதால், ஒவ்வோர் இளைஞரையும் இப்போதே ஆடவிடுவதா, ஓர் ஆண்டு காத்துவைப்பதா என்று உண்மையாகவே யோசிக்க வேண்டியிருக்கிறது. காத்துவைத்தால் அவர் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக வேறு கல்லூரிக்குப் போய்விடும் அபாயமும் உண்டு. மாணவரைத் தேடிச் சேர்க்கும் கட்டத்தில் நேரம் செலவழித்து ஆராய்ந்தால், சிலர் நட்சத்திரக் கணக்கைவிட மேலானவர்கள் என்றும் சிலர் வெறும் பெயரளவில் பெரியவர்கள் என்றும் தெரியவருவது அந்த யோசனைக்குக் கூடுதல் சுவை.

களத்தில் இறக்கிய பிறகு தெரியும் வேறுபாடுகளும் கவனத்தோடு செய்யப்பட்டவை. பொதுவாக முதலாமாண்டு ரிசீவருக்கு வேகமும் தாவும் திறனும் மூத்தவருக்குச் சமமாகவே இருக்கும். தொடக்கக் கோட்டில் தடுப்பவரின் கையிலிருந்து நழுவும் திறன், பாதையை வெட்டி ஓடும் துல்லியம், நெரிசலில் பந்தைப் பிடிக்கும் உறுதி, பந்தோடு ஓடும் தோழருக்கு வழிவிட எதிராளியை மறிக்கும் தடுப்பு வேலை ஆகியவை குறைவாக இருக்கும். ஆகவே நேராக ஆழத்துக்கு ஓடவிட்டால் அவர் வெல்கிறார். ரிசீவரைத் தடுக்கும் எதிரணி வீரரான கார்னர்பேக் முகத்துக்கு நேரே நெருங்கி நின்றால், முதல் இரண்டு அடியிலேயே சிக்கிக்கொண்டு, குவார்ட்டர்பேக் பந்தை வீச வேண்டிய நொடிக்குள் தம் இடத்துக்கு வந்து சேர்வதில்லை. தடுப்பு வேலையில் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. ஒல்லியான உயரமான மாணவரை வலப்பக்க ஓரத்தில் நிறுத்தி, அதே பக்கம், முன்னே மறிப்பவர்களை வைத்து அருகில் வீசும் ஸ்கிரீன் பாஸ் போட்டால், அவர் பிடித்து நிறுத்த வேண்டிய கார்னர்பேக் அவரை ஒதுக்கிவிட்டு உள்ளே வந்து, ஆறு யார்டு கிடைக்க வேண்டிய இடத்தில் ஒன்றோடு முடித்துவிடுகிறார். உண்மையான பயிற்சியாளர்கள் இளம் ரிசீவரை உட்கார வைக்கும் காரணங்களில், தொலைக்காட்சிப் பார்வையாளர்கள் அதிகம் கவனிக்காத காரணம் இதுதான். கேம் அதைக் கவனித்திருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது.

எதிரணியின் அரங்கில் ஆடும்போது கூட்டத்தின் இரைச்சல் இளையவர்களைக் குழப்புவதையும் காட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு முயற்சிக்கும் முன் திரையில் வரையப்படும் பாதைக் கோடுகள், அனுபவமில்லாத வீரர்களுக்கு நெளிந்து மங்கித் தெரிகின்றன. எந்தப் பாதை என்று அறியாமலே பந்தைத் தொடங்க நேரிடுகிறது.

ஆனால் குறையும் இந்த இடத்திலேயே தொடங்குகிறது. கோடு நெளிந்தாலும், பந்து தொடங்கியதும் அந்த மாணவர் தமக்கு வரையப்பட்ட பாதையைப் பிசகாமல் ஓடிவிடுகிறார். நிஜத்தில் முதலாமாண்டு ரிசீவர் தடுமாறுவது கால்களால் அன்று, தலையால். தடுப்பாட்டம், ஆளுக்கு ஆள் தொடராமல் இடத்தைக் காக்கும் மண்டல முறைக்கு மாறியதைப் பார்த்து, உள்ளே வெட்ட வேண்டிய பாதையை நிறுத்திக்கொண்டு திரும்பி நிற்க வேண்டும். குவார்ட்டர்பேக்கும் அதே நொடியில் அதையே படித்திருக்க வேண்டும். இருவரில் ஒருவர் தவறாகப் படித்தால் பந்து எதிராளியின் கையில் போய் விழும். அத்தகைய பிசகுக்கு இந்த கேமில் ஏறக்குறைய இடமே இல்லை. படிக்கும் வேலை முழுவதையும் கன்ட்ரோலரைப் பிடித்திருக்கும் நாம் செய்துவிடுவதால், மாணவரின் அறியாமை நம் அறிவால் மூடப்பட்டுவிடுகிறது. அதன் விளைவாக, உயரமும் வேகமும் உள்ள எந்த முதலாமாண்டு ரிசீவரும் நல்ல கைகளில் நிஜத்தைவிட எளிதாக நட்சத்திரமாகிவிடுகிறார்.

இன்னொரு குறை காலத்தைப் பற்றியது. ரயன் வில்லியம்ஸ் அந்தப் பருவத்தில் எடுத்த 865 யார்டுகளில் பாதிக்கு மேல் முதல் நான்கு ஆட்டங்களிலேயே வந்தவை. அவரை நிறுத்தும் வழியை எதிரணிகள் பிறகு தேடிக் கண்டுபிடித்தன. ஜெரமையா ஸ்மித்தையே அரையிறுதியில் டெக்சஸ் அணி ஒரே பிடியில், மூன்று யார்டில் கட்டிப்போட்டது. இப்படி வாரத்துக்கு வாரம் எதிராளிகள் ஓர் இளைஞரைப் படித்து, அவரும் அவர்களைப் படித்து வளரும் போராட்டம் டைனஸ்டியில் உணரக் கிடைப்பதில்லை. வீரரின் மதிப்பெண் உயர்வும் பருவங்களுக்கு இடையேயான பயிற்சிக் கட்டத்தில் மொத்தமாக வந்து விழுகிறது. செப்டம்பரில் இருந்த மாணவரும் ஜனவரியில் இருக்கும் மாணவரும் ஒருவரே என்றால், ஹாரிசனின் ரோஸ் பௌல் போன்ற ஓர் ஆட்டத்தை அது எப்படி விளக்கும்? என் பார்வையில் இதுவே இந்த கேமின் பெரிய இழப்பு.

ஒரே வீரராக ஆடும் ‘ரோடு டு குளோரி’ பகுதி இந்த இழப்பை ஓரளவு ஈடுசெய்கிறது. உயர்நிலைப் பள்ளியின் கடைசி ஆண்டிலிருந்து தொடங்கி, கல்லூரி அழைப்புகளைப் பெற்று, பிறகு பயிற்சியாளரின் நம்பிக்கையைச் சிறுகச் சிறுகச் சம்பாதித்தே ஆட்ட வரிசையில் மேலேற வேண்டும். படிப்பு, உடல்நலம், பயிற்சி ஆகியவற்றுக்கு வாரந்தோறும் சக்தியைப் பங்கிட வேண்டியிருப்பதும், பெரிய கல்லூரியில் பெஞ்சில் உட்காரலாமா, சிறிய கல்லூரியில் உடனே ஆடலாமா என்று முடிவெடுக்க வேண்டியிருப்பதும், 18 வயது மாணவர் ஒருவரின் முதல் ஆண்டை உண்மைக்கு மிக அருகில் கொண்டுவருகின்றன. ரிசீவராக ஆடும்போது பல ஆட்டங்களில் பந்து நம் பக்கமே வராமல் போவது சிலருக்குச் சலிப்பூட்டலாம். எனக்கு அது சரியாகவே பட்டது.

வெளியானபோது அமெரிக்காவில் இதன் விலை சுமார் 70 டாலர். பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் ஆகியவற்றில் மட்டுமே ஓடும், கணினியில் ஓடாது. முந்தைய ஆண்டுப் பதிப்பை வைத்திருந்து டைனஸ்டி மட்டும் ஆடுபவர்கள் விலை குறையும்வரை காத்திருக்கலாம். ரோடு டு குளோரிக்காக வாங்குபவர்கள் தயங்க வேண்டாம். வாங்கியவுடன் கடினநிலையை ஆல்-அமெரிக்கன் அல்லது அதற்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அதற்குக் கீழே யார் வேண்டுமானாலும் எதையும் பிடித்துவிடுவதால் மூத்தவருக்கும் புதியவருக்கும் உள்ள வேறுபாடே தெரியாது. ஐந்து நட்சத்திர மாணவரை விட்டுவிட்டு மூன்று நட்சத்திர ரிசீவராக, தடுப்புத் திறனுக்கும் தொடக்கக் கோட்டில் நழுவும் திறனுக்கும் முதல் புள்ளிகளைச் செலவிட்டுத் தொடங்கினால், இந்த கேமில் மிக நன்றாகச் செய்யப்பட்ட பகுதி உங்களுக்கு முழுமையாகக் கிடைக்கும்.