ஆக்சஸ் ஃபார்ம்ல ஃபோகஸ் தாவுதா? டைமரா, டயலாக்கா

ராமேஸ்வரம் பக்கத்துல மண்டபம் ஊர்ல ஒரு மீன் கம்பெனிக்கு மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ்ங்கிற டேட்டாபேஸ் சாஃப்ட்வேர்ல கொள்முதல் ஃபார்ம் போட்டு குடுத்திருக்கேன். கணவாய், நண்டுனு எடை போடப் போட என்ட்ரி போடுற அண்ணன் கண்ணு தராசுலயேதான் இருக்கும், கை பாட்டுக்கு நம்பரை அடிச்சுட்டே போகும், ஸ்கிரீனை பாக்க நேரமே இருக்காது. நடுவுல போட் நம்பர் எடுக்க ஒரு சின்ன விண்டோ திறக்கும், அதை மூடினதும் கர்சர் எங்கயோ போய் நிக்கும் (ஃபோகஸ் தாவுறதுன்னா இதுதான்), எடையில விழ வேண்டிய 12.5 விலையில விழுந்திரும். போட்காரர் காசுல கை வைக்கிற தப்பு இது, விட முடியல. ஏப்ரல் 15 டூ ஜூன் 14 மீன்பிடி தடைக்காலம், வரத்து கம்மி, அந்த 61 நாள்ல உக்காந்து ஒவ்வொரு வழியா போட்டுப் பாத்தேன்.

முதல்ல டைமர். 100 மில்லிசெகண்ட் கழிச்சு செட்ஃபோகஸ் (கர்சரை நாம சொல்ற பாக்ஸுக்கு கொண்டு போற கட்டளை) ஓடுற மாதிரி வச்சு, ஓடினதும் டைமர் இன்டர்வல 0 ஆக்கிடணும். வேலை செய்யுது, ஆனா வேகமா அடிக்கிறவருக்கு அந்த இடைவெளியிலயே ஒரு எண் வேற பாக்ஸுக்கு போயிரும். எனக்கு இது ஆகவே ஆகாது.

அடுத்தது அந்த சின்ன விண்டோவோட பிராப்பர்ட்டில பாப்அப், மோடல் ரெண்டையும் எஸ் போடுறது. விண்டோ மேலேயே நிக்கும், பின்னாடி கிளிக் பண்ண முடியாது, எல்லாம் சரி, ஆனா கூப்பிட்ட ஃபார்மோட கோடு நிக்காம ஓடிட்டே இருக்கும், போட் நம்பரை தேர்ந்தெடுக்கிறதுக்கு முன்னாடியே கோடோட அடுத்த வரி அதை காலியா எடுத்துக்கும். நிறைய பேரு மாட்டுறது இங்கதான்.

மூணாவது, ஃபார்மைத் திறக்குற ஓப்பன்ஃபார்ம் கட்டளையில ஏசிடயலாக்ங்கிற விண்டோ மோடை குடுத்துத் திறந்தா அந்த ரெண்டும் சேந்து வருது, கோடும் அங்கயே காத்திருக்கும். ஓகே பட்டன்ல ஃபார்மை மூடாதீங்க, விசிபிள ஃபால்ஸ் ஆக்கி மறைச்சுடுங்க, உடனே கோடு தொடரும், மதிப்பை எடுத்துட்டு அப்புறம் மூடிக்கலாம். ஒண்ணே ஒண்ணு, அந்த ஃபார்ம் ஏற்கனவே திறந்திருந்தா கோடு காத்திருக்காது, அதனால திறக்குறதுக்கு முன்னாடி மூடிடுங்க. ரிப்போர்ட் பிரிவியூ பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டா அதையும் ஏசிடயலாக்லயே திறங்க. என் ஓட்டு இதுக்குத்தான்.

விண்டோவை முன்னாடி கொண்டு வர்ற விண்டோஸ் ஏபிஐ கட்டளை செட்ஃபோர்கிரவுண்ட்விண்டோ பக்கம் போகவேணாம், பல நேரம் டாஸ்க்பார்ல பட்டன் மினுக்குறதோட சரி.

தப்பான எடைய தடுக்குறது தனி விஷயம். பாக்ஸ் ஃபோகஸை இழக்கும்போது ஓடுற லாஸ்ட்ஃபோகஸ் ஈவென்ட்ல அதே பாக்ஸுக்கு செட்ஃபோகஸ் போட்டா நிக்காது, ஏன்னா அது ஓடி முடிச்ச பிறகுதான் ஃபோகஸ் அடுத்த பாக்ஸுக்கு நகருது. அடிச்ச மதிப்பு பதிவாகுறதுக்கு முன்னாடி ஓடுற பிஃபோர்அப்டேட்ல செட்ஃபோகஸ் போட்டா 2108 எரர். அங்க கேன்சல் ட்ரூ போதும், கர்சர் நகராது. ஆனா ஒண்ணும் அடிக்காம டேப் தட்டிப் போனா பிஃபோர்அப்டேட் ஓடவே ஓடாது, அதுக்கு பாக்ஸை விட்டு வெளிய போகும்போது ஓடுற எக்ஸிட்லயும் அதே கேன்சல் வைங்க. நண்டு வரிசையெல்லாம் சப்ஃபார்ம்ல (ஃபார்முக்குள்ள இருக்குற இன்னொரு ஃபார்ம்) இருக்குன்னா முதல்ல சப்ஃபார்ம் கன்ட்ரோலுக்கு செட்ஃபோகஸ், அப்புறம் உள்ள இருக்குற பாக்ஸுக்கு இன்னொண்ணு, ரெண்டு வரியும் இந்த வரிசையிலயே வேணும்.