கமோடு நாற்காலியும் ஓர் அங்குல வாசலும்: மூன்று ஆண்டு அனுபவம்

பக்கவாதத்தால் அம்மாவின் வலப்பக்கம் செயலிழந்த பிறகு, சென்னையின் கடலோரத் திருவான்மியூரில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டில் சக்கரம் வைத்த குளியல் கமோடு நாற்காலி (குளிக்கவும் மலம் கழிக்கவும் உதவும், இருக்கையில் துளையுள்ள நாற்காலி) மூன்று ஆண்டுகளாக நாள் தவறாமல் பயன்பட்டு வருகிறது. வாங்கிய அன்று கடைக்காரர், "பிரேக் போட்டுட்டா அசையாது சார்" என்று சொல்லி அனுப்பினார். பிரேக் சக்கரம் உருளுவதைத்தான் தடுக்கும். சோப்பு நுரை படிந்த தரையில் உருளாத சக்கரமும் வழுக்கும் என்பது பிறகுதான் புரிந்தது. ஆகவே கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதையும் திரும்ப இறக்குவதையும் ஈரமில்லாத படுக்கையறையில் மட்டுமே செய்கிறோம். குளியலறையில் அம்மா எழுந்து நிற்கவே தேவையில்லாதபடி, நாற்காலியையே வெஸ்டர்ன் கழிப்பறையின் மேல் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறோம்.

உண்மையான ஆபத்து வாசலில் இருந்தது. குளியலறைத் தரை படுக்கையறையைவிட ஓர் அங்குலம் தாழ்வு. முதல் மாதத்தில் ஒருநாள், குளிப்பாட்டி முடித்து முன்பக்கமாகத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தபோது, முன்சக்கரங்கள் கிரானைட் விளிம்பில் முட்டி நாற்காலி சட்டென நின்றது; அம்மாவின் உடல் நிற்கவில்லை. இடுப்புப் பட்டைதான் தாங்கியது. அன்றிலிருந்து வாசலை நெருங்கினாலே அம்மா, "தள்ளாதேடா, இழு" என்பார். நான் முதலில் வாசலைக் கடந்து நாற்காலியைப் பின்பக்கமாக இழுத்தால், அவருடைய முதுகு சாய்மானத்தில் அழுந்தியபடியே இருக்கும். ஆனால் ஐந்துக்கு ஏழடிக் குளியலறைக்குள் நாற்காலியைத் திருப்புவது பெரும்பாடு. இறுதியில் கொத்தனாரை அழைத்து, ஓர் அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம் என்ற கணக்கில், சொரசொரப்பான ஓடு பதித்த சரிவு ஒன்றை அமைத்தோம். இன்றும் இழுக்கத்தான் செய்கிறோம்.

வாசலின் அகலம் 30 அங்குலம், நாற்காலி 22. இடைவெளி போதும்தான், ஆனால் உணர்ச்சி குறைந்த வலக்கை தானாக வெளியே தொங்கி கதவு நிலையில் உரசும் என்பதால், அதை மடியில் எடுத்து வைத்த பிறகே நகர்த்துகிறோம். கால்கள் கால்மிதியின் மேல் இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் கால்மிதியை மடித்துவிட வேண்டும். அதன் மேல் எடையை ஊன்றினால் நாற்காலி முன்னால் கவிழும்.

பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தந்த ஒரு நுணுக்கம் இருக்கிறது. பிரேக் போடுவதற்கு முன் நாற்காலியைச் சில அங்குலம் பின்னால் இழுத்தால் சுழல்சக்கரங்கள் முன்பக்கமாகத் திரும்பிக்கொள்ளும். அதனால் அடித்தளம் முன்னால் நீண்டு, அம்மா முன்சாய்ந்தாலும் நாற்காலி எளிதில் கவிழாது. நான்கு பிரேக்கையும் அழுத்தி, கையால் ஆட்டிப் பார்த்த பிறகே, வலுவுள்ள இடப்பக்கமாக அவரை மாற்றுகிறோம்.

பராமரிப்பில் கடற்காற்றுதான் எதிரி. குரோம் பூசிய முதல் நாற்காலி இரண்டாவது மழைக்காலத்திலேயே பற்றவைப்பு இடங்களில் துருப்பிடித்ததால், துருப்பிடிக்காத எஃகில் வேறொன்று வாங்கினோம். சக்கர அச்சில் முடி சுற்றிக்கொள்வதும், போர் தண்ணீரின் உப்பு பிரேக் நெம்புகோலில் வெள்ளையாகப் படிவதும் இதிலும் உண்டு. மாதம் ஒருமுறை கவிழ்த்துப் போட்டுச் சுத்தம் செய்கிறேன். கை வைக்கும் பிடி பக்கவாட்டில் மடியாமல், அம்மாவை மாற்றும்போது குறுக்கே நிற்பது இந்த நாற்காலியின் பெருங்குறை. அடுத்து வாங்கும்போது முதலில் அதைத்தான் பார்ப்பேன்.