டிப்போசிட்டை விழுங்கிய நான்கு வரிகள்: வாடகை வீட்டைக் காலி செய்பவர்கள் கவனத்துக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) நான்கு வருடம் வாடகைக்கு இருந்த குடும்பம் வீட்டைக் காலி செய்தது. வாடகை 700 வெள்ளி (ரிங்கிட்). நுழையும்போது இரண்டு மாத டிப்போசிட் 1,400, தண்ணீர், கரண்டுக்கு அரை மாதம் 350, ஆக 1,750 வெள்ளி கட்டியிருந்தார்கள். சாவியைக் கொடுத்து மூன்று வாரம் கழித்து வீட்டுக்காரரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு தாள் வந்தது. சுவர்ச் சாயம் (பெயிண்ட்) 900, தரை 380, கேபினெட் 250, கிளீனிங் 150. மொத்தம் 1,680. மிச்சம் 70 வெள்ளியை பேங்கில் போட்டுவிட்டார். கொண்ட்ராக்டர் பெயர் இல்லை, கடை ரசீது இல்லை, ஒரு படம்கூட இல்லை.

"அண்ணே, கணக்கு ரொம்பக் கூடுதலா இருக்கே" என்று கேட்டதற்கு, "புதுச் சாயம் அடிச்சுத்தானே குடுத்தேன், அப்படியே திருப்பித் தரணும்ல" என்று பதில். தோட்டத்தில் (எஸ்டேட்டில்) இருந்த காலத்திலிருந்தே பழக்கம், கோயில் திருவிழாவில் ஒரே பந்தியில் சாப்பிட்டவர்கள். அந்தப் பழக்கத்தால்தான் நுழைந்த அன்று யாரும் வீட்டைச் சுற்றிப் பார்த்து எழுதி வைக்கவில்லை. இந்த வட்டாரத்தில் பணம் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அதனால் அந்த நான்கு வரியையும் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் சாயம். பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்களில், வீட்டை நல்ல நிலையில் திருப்பித் தரவேண்டும், நியாயமான தேய்மானம் நீங்கலாக என்று ஒரு வரி இருக்கும். நான்கு வருடத்தில் வெயில் படும் சுவர் வெளுப்பதும், சுவிட்சைச் சுற்றிக் கை அழுக்கு ஏறுவதும், அலமாரி நின்ற இடம் மட்டும் பளிச்சென்று தெரிவதும் தேய்மானம். அதற்குக் காசு கேட்க முடியாது. சுவரின் அடியில், தரையிலிருந்து ஓரடி ஈரடி உயரத்துக்குச் சாயம் கொப்புளித்து உப்புப் பூத்திருந்தால் அது மண்ணிலிருந்து ஏறும் ஈரம். கட்டடத்தின் குறை அது, வாடகைக்காரர் மேல் போட முடியாது.

ஆனால் இந்த வீட்டில் ஒரு சுவருக்கு வாடகைக்காரர் பொறுப்பேற்கத்தான் வேண்டும். சாமி மேடைக்குப் பின்னால் இருந்த சுவரும் அதற்கு மேல் சீலிங்கும் விளக்குப் புகையில் கறுத்திருந்தன. விரலால் தடவினால் பிசுபிசுவென ஒட்டும், எண்ணெய் கலந்த கரி. தினமும் விளக்கேற்றும் எல்லா வீட்டிலும் இது உண்டு, யாரும் கவனிப்பதில்லை. அதன் மேல் நேராக எமல்ஷன் அடித்தால் சில வாரத்தில் மஞ்சளாக ஊறி வெளியே வரும், சில இடத்தில் சாயம் பிடிக்கவே பிடிக்காது. பாத்திரம் கழுவும் சோப்பை வெந்நீரில் கலந்து துடைத்து, நன்றாகக் காயவிட்டு, கறை மறைக்கும் ஆயில் சீலர் ஒரு கோட் அடித்த பிறகுதான் சாயம்.

எவ்வளவு வேலை அது? 12 அடிக்கு 10 அடிச் சுவர் என்றால் 120 சதுர அடி, ஏறக்குறைய 11 சதுர மீட்டர். ஒரு லிட்டர் சாயம் ஒரு கோட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு சதுர மீட்டர் வரும். இரண்டு கோட்டுக்கு இரண்டு லிட்டர் போதும். சீலிங்கையும் சேர்த்து 5 லிட்டர் டின் ஒன்று, சீலர் ஒரு லிட்டர், அரை நாள் கூலி. ஹார்ட்வேர் கடையில் விலை விசாரித்து, கூலியும் கேட்டுப் போட்ட கணக்கு 180 வெள்ளிக்குள் அடங்கியது. அவர் எழுதியது முழு வீட்டுக்கும் 900. ஒரு சுவரின் குறையைக் காட்டி வீடு முழுக்கச் சாயம் அடித்துக்கொள்வது இந்தத் தொழிலில் பழைய வித்தை. ஜன்னலில் அடுக்கடுக்காக இருக்கும் நாக்கோ கண்ணாடியில் ஒன்று உடைந்தால் முழு ஜன்னலுக்கும் காசு கேட்பதும் இதே ரகம்.

இரண்டாவது, தரை. வரவேற்பறை நடுவில் நாலைந்து டைல்ஸ் கூடாரம் போல எழும்பியிருந்தன. கனமான பொருளைப் போட்டால் டைல்ஸ் உடையும், இப்படி எழும்பாது. அடியில் சிமெண்டு சரியாகப் பிடிக்காமல், ஓரத்தில் விரிய இடைவெளியும் விடாமல் பதித்தால், வெயிலிலும் மழையிலும் விரிந்து சுருங்கி ஒருநாள் 'டப்' என்று தூக்கிக்கொள்ளும். நாணயத்தால் சுற்றியுள்ள டைல்ஸைத் தட்டிப் பாருங்கள். வெற்றுச் சட்டியைத் தட்டியதுபோல் சத்தம் வந்தால் அடியில் பிடிப்பில்லை என்று அர்த்தம். அந்தச் சத்தத்தையும் சேர்த்து வீடியோ எடுத்து வையுங்கள். ஓரிடத்தில் மட்டும் குழி விழுந்து, அங்கிருந்து நட்சத்திரம் போல விரிசல் ஓடினால் அது எதையோ போட்டு உடைத்தது. அதற்கு வாடகைக்காரர்தான் பொறுப்பு. இங்கே டைல்ஸ் தானாக எழும்பியதுதான், அதனால் இந்த 380 வீட்டுக்காரரின் செலவு.

கேபினெட் விஷயத்தில் குடும்பத்தின் மேலும் தவறு உண்டு. சிங்க்குக்கு அடியில் பைப் கசிந்து பல மாதம் சொட்டியிருக்கிறது. அவர்கள் ஒரு வாளியை வைத்துவிட்டு இருந்துவிட்டார்கள், வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. மரத்தூள் பலகை தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தாலும் பழைய நிலைக்கு வராது. கசிவு யார் தவறாகவும் இருக்கலாம், ஆனால் சொல்லாமல் விட்டது வாடகைக்காரர் தவறு. அப்படியும் பத்து வருடப் பழைய கேபினெட்டுக்குப் புதுப் பலகையின் விலையை முழுசாகக் கேட்பது நியாயமில்லை. 100 வெள்ளி ஒத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. எதையாவது பழுது என்று கண்டால் அன்றே ஒரு வாட்ஸ்அப் போடுங்கள். "சிங்க் அடியில பைப் ஒழுகுது அண்ணே, எப்ப ஆள் அனுப்புறீங்க?" என்ற ஒரு வரி அந்த நூறையும் மிச்சப்படுத்தியிருக்கும்.

கிளீனிங் 150 பற்றிப் பேச ஒன்றுமில்லை. வீட்டைக் கழுவிவிட்டு எடுத்த வீடியோ இருந்தது.

ஆக நியாயமான கழிவு 280. திரும்ப வேண்டியது 1,470, வந்தது 70, பாக்கி 1,400 வெள்ளி.

தண்ணீர் டிப்போசிட்டையும் கவனியுங்கள். சாவி கொடுக்கும் அன்று தண்ணீர் மீட்டரையும் கரண்டு மீட்டரையும் எண் தெளிவாகத் தெரியப் படம் எடுங்கள். வீட்டில் எல்லாப் பைப்பையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரில் உள்ள சின்னச் சக்கரத்தைப் பாருங்கள். அப்போதும் சுற்றினால் எங்கோ கசிகிறது. மண்ணுக்கடியில் கசியும் தண்ணீருக்கான பில் கடைசியில் உங்கள் டிப்போசிட்டில் வந்து நிற்கும்.

படங்களை நுழையும் அன்று ஒருமுறை, வெளியேறும் அன்று ஒருமுறை எடுக்கவேண்டும். அறை அறையாக, முதலில் நான்கு மூலை, பிறகு ஏற்கனவே இருக்கும் ஆணி ஓட்டை, கீறல், ஈரம் எல்லாம் பக்கத்தில் வைத்து. அன்றே வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் எடுத்த தேதி விவரம் அழிந்துவிடும். டாகுமெண்டாக அனுப்பினால் இருக்கும். கூடவே ஒரு தாளில் எத்தனை சாவி, எத்தனை கலிமந்தாங் (டியூப்) விளக்கு, எத்தனை ஃபேன் என்று எழுதி இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு நகல். இதற்கு அரை மணி நேரம் போதும்.

கடைசி இரண்டு மாத வாடகையைக் கட்டாமல் "டிப்போசிட்ல கழிச்சுக்குங்க" என்று விடுவது தற்காப்பு போலத் தெரியும். ஆனால் ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள். பிறகு நியாயம் பேச வாய் இருக்காது.

பணம் வராவிட்டால் என்ன வழி? மலேசியாவில் குடியிருப்பு வாடகைக்கென்று தனிச் சட்டம் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை, ஒப்பந்தத்தில் எழுதியதுதான் ஆதாரம். ஒப்பந்தம் ஸ்டாம்ப் செய்யப்பட்டிருக்கவேண்டும், அதாவது அரசாங்கத்துக்கு முத்திரை வரி கட்டியிருக்கவேண்டும். ஸ்டாம்ப் இல்லாத ஒப்பந்தத்தை 1949ஆம் ஆண்டு முத்திரைச் சட்டம் 52ஆம் பிரிவின்படி நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது. பிந்தி ஸ்டாம்ப் செய்யலாம், ஆனால் தண்டம் உண்டு. கையெழுத்தான 30 நாளுக்குள் செய்தால் செலவு சொற்பம். 2025 ஜனவரி முதல் ஒரு வருட ஒப்பந்தத்துக்கு ஆண்டு வாடகையில் ஒவ்வொரு 250 வெள்ளிக்கும் 1 வெள்ளி. 700 வெள்ளி வாடகைக்கு 34 வெள்ளிதான் வரும்.

முதலில் கடிதம் எழுதுங்கள். கழிவு வரிகளை ஒவ்வொன்றாகக் குறிப்பிட்டு, எதை ஒத்துக்கொள்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், ஏன், பாக்கி எவ்வளவு என்று எழுதி 14 நாள் கெடு கொடுங்கள். ஒப்பந்தத்தில் உள்ள முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்திருங்கள். தன் மேல் உள்ள 280ஐத் தானே ஒத்துக்கொண்ட கடிதத்துக்கு இருக்கும் பலம், முழுத் தொகையையும் கேட்டுச் சண்டை போடும் கடிதத்துக்கு இருக்காது.

அதற்கும் மசியாவிட்டால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்கு. 5,000 வெள்ளி வரை கேட்கலாம். படிவம் 198ஐ நிரப்பவேண்டும். வழக்கறிஞர் வைத்து வாதாட அனுமதியில்லை, நீங்களே பேசவேண்டும். எதிர்த்தரப்பு மறுப்பதானால் 14 நாளுக்குள் படிவம் 199இல் பதில் தரவேண்டும். ஒப்பந்தம், பணம் கட்டிய ரசீது, இரண்டு நாள் படங்கள், வாட்ஸ்அப் உரையாடலின் அச்சு, கடிதத்தின் நகல், இவை எல்லாம் ஒரு ஃபைலில் தயாராக இருக்கட்டும்.

இந்தக் குடும்பம் கடிதம் அனுப்பிய ஒன்பதாம் நாள் 1,000 வெள்ளி வந்தது. கூடவே ஒரு செய்தி: "இதோட கணக்கு முடிஞ்சுது, சரியா?" இங்கேதான் பலர் மறுபடி ஏமாறுகிறார்கள். "சரி அண்ணே, நன்றி" என்று மரியாதைக்காகப் பதில் போட்டுவிட்டால் மீதி 400 போனது போனதுதான். 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 64ஆம் பிரிவின்படி, முழுக் கடனுக்கும் ஈடாகக் குறைந்த தொகையை ஒத்துக்கொண்டு வாங்கினால் கடன் முழுவதும் தீர்ந்ததாகிவிடும். பணத்தைத் திருப்பி அனுப்பத் தேவையில்லை. "அண்ணே, 1,000 வெள்ளி கிடைச்சது, இதைப் பகுதித் தொகையாத்தான் எடுத்துக்கிறோம். மீதி 400 வெள்ளியைக் கடிதத்துல போட்ட தேதிக்குள்ள அனுப்பிடுங்க" என்று அன்றே எழுதுங்கள். அவர்கள் அப்படித்தான் எழுதினார்கள். கெடு முடிய இன்னும் ஐந்து நாள் இருக்கிறது, படிவம் 198 நிரப்பித் தயாராக இருக்கிறது.