ஐஸ் பிளான்ட் வருடாந்திர சர்வீஸ்: எண்ணெய் இறக்கிய விதத்துக்கே முழு மார்க்

கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. விசைப்படகுகள் கரையில் கிடக்கும் அந்த 61 நாளில்தான் நாங்கள் கம்ப்ரசரைப் பிரிக்க முடியும். நாகப்பட்டினத்தில் எங்கள் பிளான்டில் ஓடுவது பெல்ட் போட்ட பழைய அமோனியா கம்ப்ரசர், குளிரூட்டும் அமோனியா கேஸை அழுத்திச் சுற்றவிடும் மெஷின். இந்த வருடம் புதிதாக ஒரு சர்வீஸ் குழுவைக் கூப்பிட்டோம். வேலை பிரமாதம்.

முதலில் எண்ணெய் விஷயம். கம்ப்ரசர் எண்ணெய் கொஞ்சம் கேஸோடு சேர்ந்து எப்போதும் போய்க்கொண்டே இருக்கும், ஆயில் செபரேட்டர் அத்தனையையும் பிடிக்காது. மினரல் ஆயில் அமோனியாவோடு கலக்காது, திரவ அமோனியாவை விடக் கனமும் கூட, அதனால் ரிசீவர், அக்குமுலேட்டர் என்ற அமோனியா தொட்டிகளின் அடியில் போய்த் தேங்கும். குளிரூட்டும் காயிலுக்குள் படிந்துவிட்டால் பிரைன் (ஐஸ் உறைய வைக்கும் உப்புத் தண்ணீர்) குளிரவே நேரம் பிடிக்கும், கரண்ட் பில் ஏறும். ஆகவே இறக்கித்தான் ஆக வேண்டும், ஆனால் பிளான்டில் ஆளைக் கொல்லக்கூடிய வேலை என்றால் முதலில் இதைத்தான் சொல்வேன். குளிரில் கெட்டியான எண்ணெய் வால்வை அடைத்துக்கொள்ளும், வரவில்லையே என்று இன்னும் கொஞ்சம் திறப்பார்கள், அடைப்பு சட்டென்று விலகினால் எண்ணெய்க்குப் பின்னாலேயே திரவ அமோனியா பீய்ச்சிக்கொண்டு வரும், அப்போது அந்த வால்வுக்குப் பக்கத்தில் யாராலும் போக முடியாது. முன்பு வந்துகொண்டிருந்த காண்டிராக்டரின் ஆட்கள் ஒரு ஹோஸைச் சொருகி வால்வைத் திறந்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். எத்தனையோ தடவை சத்தம் போட்டிருக்கிறேன்.

இவர்கள் அவசரப்படவே இல்லை. எண்ணெய் வந்து சேரும் பானையை வால்வு மூடி மற்ற லைனிலிருந்து தனியாக்கி, உள்ளே இருந்த அழுத்தத்தை கம்ப்ரசர் கேஸை உறிஞ்சும் சக்‌ஷன் பக்கம் விட்டு, பானை வெளிச்சூட்டுக்கு வரும்வரை காத்திருந்தார்கள். அப்புறம்தான் வடிகால். வழக்கமான வால்வுக்குப் பிறகு ஸ்பிரிங் வைத்த இன்னொரு வால்வு, கையை எடுத்தால் தானாக மூடிக்கொள்ளும். எண்ணெய் இறக்கியவர் முடியும்வரை பிடியை விடவில்லை, காற்று வீசும் பக்கம் முதுகைக் காட்டி நின்றார், முகமூடியோடு இன்னொருவர் தண்ணீர்க் குழாயைத் திறந்து தயாராக இருந்தார். மெயின் சுவிட்சில் பூட்டு, சாவி வேலை செய்தவர் பையில். முகமூடி கேனிஸ்டரின் காலாவதித் தேதியைக்கூடப் பார்த்தார்கள்! காற்றில் அமோனியா 300 பிபிஎம் (பத்து லட்சத்தில் 300 பங்கு) போனாலே உயிருக்கு ஆபத்து என்று கணக்கு, இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

புது எண்ணெய், கம்ப்ரசர் கையேட்டில் சொன்ன 68 கிரேடு மினரல் ஆயில், சீல் போட்ட டின்னை என் கண் முன்னால் உடைத்தார்கள். ஏசி, ஃப்ரீசர் வேலையில் மிஞ்சிய பிஓஇ என்ற செயற்கை எண்ணெயை மலிவாகத் தருகிறேன் என்று யாராவது வந்தால் வாங்காதீர்கள். அது அமோனியாவோடு வினைபுரிந்து கசடாகிவிடும். லீக் பார்க்க நைட்ரஜன்தான் கொண்டுவந்தார்கள். எண்ணெய் உள்ள இடத்தில் அழுத்தத்தோடு ஆக்சிஜன் ஏற்றினால் வெடிக்கும், இது தெரியாத ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். ஹை பிரஷர் கட்அவுட், ஆயில் பிரஷர் கட்அவுட் (அழுத்தம் தவறினால் மெஷினைத் தானாக நிறுத்தும் சுவிட்சுகள்) இரண்டையும் டிரிப் ஆக வைத்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்துக் கேட்டார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு நோட்டு. ஊற்றிய எண்ணெய் எவ்வளவு, இறக்கியது எவ்வளவு என்று எழுதி வைக்கச் சொன்னார்கள். ஊற்றுவது மட்டும் ஏறிக்கொண்டே போய், இறக்குவது அதற்கு ஈடாக இல்லை என்றால் மிச்ச எண்ணெய் காயிலுக்குள் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். இத்தனை வருடத்தில் யாரும் சொன்னதில்லை.

குறையும் உண்டு. சொன்ன தேதிக்கு வரவில்லை, போன் செய்தாலும் சரியாக எடுப்பதில்லை. பில்லில் கேஸ்கெட், ரிங், கூலி எல்லாவற்றையும் ஒரே தொகையாகப் போட்டுவிட்டார்கள், கேட்ட பிறகே பிரித்துக் கொடுத்தார்கள். பழைய எண்ணெயை எடுத்துப்போக மாட்டார்களாம், உரிமம் உள்ள மறுசுழற்சிக்காரரை நாங்களே தேட வேண்டியதாயிற்று. கூலியும் மற்றவர்களை விட அதிகம்தான், எனக்கு அதில் வருத்தமில்லை.

நல்ல குழு யாரென்றாலும் தடைக்காலத்தில் எல்லாப் பிளான்டும் ஒரே நேரத்தில் கூப்பிடும். மார்ச்சிலேயே பேசி முன்பணம் கொடுத்து வையுங்கள், ஸ்பிரிங் வால்வு வைத்திருக்கிறீர்களா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள்.